பல்வலியைக் கூறு போட்ட தெரு

மீமிசலை அடுத்த கரைத்தெருவில் செபமாலையின் பல்வலியைக் கூறு போட்டு, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டார்கள். பல் டாக்டரைத் தேடி அவள் இரண்டு பஸ் மாறிப் போனபோதெல்லாம் டாக்டர் வேறு ஊர் முகாமில் இருந்தார். மாத்திரையோடு திரும்பியவள் வாசலுக்கும் கடலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். உட்கார்ந்தால் வலி, படுத்தால் அதைவிட வலி. பார்க்கப் பொறுக்காமல் புருஷன் அடைக்கலம், மீனைக் கொட்டிப் பங்கு வைக்கிற இடத்திலேயே வலியையும் கொட்டிக் கூறு போட்டார். வலை இழுக்கக் கை கொடுத்தவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு என்பது அந்தக் கரையின் வழக்கம். அது மீனுக்கு மட்டும்தான் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அக்கம்பக்கத்தார் முகம் சுளிக்காமல் வாங்கிப் போனார்கள்.

அதன்பிறகு யாருக்குப் பல் வலித்தாலும் அந்த வலி கூறு போடக் கரைக்கு வந்தது. சில வருஷத்தில் தெருவில் ஒருவருக்கும் தாங்க முடியாத வலி இல்லை. ஒருவருக்கும் நிம்மதியும் இல்லை. பூசையில் முட்டி போட்டவர்கள் கன்னத்தைத் தடவினார்கள், பிள்ளைகள் பெஞ்சில் நெளிந்தார்கள், போட்டுகள் நேரங்கெட்ட நேரத்தில் கிளம்பின. ஊர் ஊராகப் போய்ப் பல் பார்க்கிற வேன் ஒருமுறை வந்தது. எல்லாரும் லேசாகத்தான் வலிக்கிறது என்றார்கள். வேன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. புத்திக்குக் குறைச்சல் இல்லாத தெருதான், ஆனால் சொத்தையை யாரும் கூறு போடவில்லை. அது உரியவர் வாயிலேயே இருந்து தன் வேலையைப் பார்த்தது.

செபமாலைக்குத் தாடை வீங்கி, வீக்கம் கழுத்துக்கு இறங்கியது. வலி தெரியாததால் இறால் உரித்துக்கொண்டே இருந்தாள். கஞ்சி இறங்காமல் மூச்சு இழுத்தபோதுதான் அடைக்கலம் பயந்துபோய், மணமேல்குடிக்குப் புதிதாக வந்திருந்த பல் டாக்டர் கலைமதியிடம் ஆட்டோவில் கொண்டுபோனார். எந்தப் பல் என்று தெரியவில்லை. கலைமதி ஒவ்வொன்றாகத் தட்டினார். செபமாலை சும்மா கிடந்தாள். கடைவாயில் ஒரு பல்லைத் தட்டியதும் அடைக்கலத்தின் போன் அடித்தது. பக்கத்து வீட்டு பிளெஸ்ஸி கரைத்தெருவிலிருந்து அழுதுகொண்டே கேட்டாள்.

"மாமா, அங்க என்ன பண்றீங்க?"

அந்தப் பல்தான். சீழை எடுத்து, பல்லைப் பிடுங்கி, ஊசியும் குளுக்கோஸுமாக செபமாலை செத்துப் பிழைத்தாள். கலைமதிக்குக் கோபம் தாளவில்லை. ஒரு ஆளாவது கத்தியிருந்தால் யாராவது வந்திருப்பார்களே என்று சத்தம் போட்டார்.

"கத்துனேன் டாக்டர். கேக்க அங்கிட்டு யாரும் இல்ல," என்றாள் செபமாலை.

கலைமதி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அடைக்கலம் தயங்கித் தயங்கிக் கரை வழக்கத்தைச் சொன்னார்.

"கை குடுத்தவங்களுக்குப் பங்கு உண்டுங்க."

"குடுங்க," என்றார் கலைமதி.

இப்போது கரைத்தெருவில் வலி இரண்டே கூறு: பாதி பல்லுக்கு உரியவருக்கு, பாதி டாக்டருக்கு. யாரும் போன் செய்வதில்லை. கலைமதியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பெட்டியோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கி, இன்றைக்கு யாருக்கு என்று கேட்பார். அவருக்கு மாற்றல் வந்தபோது சாவி, நாற்காலி, குறடுகளோடு பங்கையும் அடுத்த டாக்டரிடம் முறைப்படி ஒப்படைத்தார். புது டாக்டர் சேர்ந்த அன்று மத்தியானமே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மீமிசலுக்கு அடுத்த பஸ் எப்போது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.