அண்ணியின் காதுக்கு எட்டிய நிரல்

குடிநீர்க் குழாய்களில் எங்கே அழுத்தம் குறையும் என்று கணித மென்பொருளில் கணக்கிட்டுச் சொல்வதுதான் அந்த அலுவலகத்தில் இருவருக்கும் வேலை. மூத்தவள் அண்ணி, இளையவள் அவளுடைய நாத்தனார். வீட்டுச் சண்டையை அலுவலகத்துக்குக் கொண்டுவரக்கூடாது என்று அவர்களுக்குள் ஒப்பந்தம். அலுவலகச் சண்டைக்கு அப்படி எதுவும் இல்லை.

கணக்குக்கான நிரலை எதில் எழுதுவது என்பதில்தான் சண்டை. மென்பொருளோடு வரும், நிரலும் விடையும் ஒன்றாகத் தெரியும் பக்கம் இளையவளுக்கு உயிர். சூத்திரம் அச்சடித்த புத்தகம்போல் நிற்கும். கீழேயே வரைபடம் வந்து விழும். அண்ணியோ வெறும் எழுத்துக் கோப்பு போதும் என்றாள்.

"லட்சணமா இருக்கிறத விட்டுட்டு எதுக்கு அண்ணி இந்த மொட்டை எழுத்து?"

"லட்சணம் கண்ணுக்குத்தானே? இதை மாட்டிக் கேளு." அண்ணி தன் ஹெட்போனை நீட்டினாள்.

அண்ணிக்குப் பார்வை மங்கத் தொடங்கியது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. திரையை வாசித்துக்காட்டும் குரலை நம்பித்தான் அவள் வேலை செய்தாள். இளையவள் அதை மாட்டினாள். அவள் பார்த்துப் பார்த்து அடுக்கிய பக்கத்தைக் குரல் வாசித்தது: "படம். காலி. படம். காலி."

அவள் முகம் சுருங்கிப்போனது. "சொல்லவே இல்லையே அண்ணி."

"சொன்னா பாவம்னு விட்டுக்குடுப்ப. அதுக்குச் சண்டையே மேல்."

அன்றே இளையவள் எல்லாவற்றையும் எழுத்துக் கோப்புக்கு மாற்றினாள். மறுநாள் அண்ணி அதைப் படுவேகத்தில் ஓடவிட்டுக் கேட்டாள். நடுவில் நிறுத்தினாள்.

"உராய்வு எண்ணு இங்க வருது. அதுக்கு மதிப்பு எங்கடி குடுத்திருக்க?"

"மேலதான் இருக்கும்."

இல்லை. அந்த வரியை எப்போதோ அழித்துவிட்டிருந்தாள். ஆனால் மென்பொருளின் நினைவில் பழைய மதிப்பு தங்கியிருந்ததால், அவளுடைய பழைய பக்கம் முணுமுணுக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் துருப்பிடித்த இரும்புக் குழாய்க்கான மதிப்பு. இப்போது பதித்திருப்பது உராய்வு குறைந்த பிளாஸ்டிக்.

சரியான மதிப்பைப் போட்டு, மென்பொருளை மூடித் திறந்து ஓட்டினார்கள். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது, தனி மோட்டார் வேண்டும் என்று எழுதவிருந்த அறிக்கை தலைகீழாக மாறியது. மோட்டார் இல்லாமலே ஏறும்.

அதன்பின் நிரல் எழுத்துக் கோப்பில் என்று முடிவானது. வரைபடம் மட்டும் பழைய பக்கத்தில்.

"எப்படியிருக்கு, வாயால சொல்லு," என்றாள் அண்ணி.

"கோடு மெதுவா ஏறுது. மேட்டுத் தெருகிட்ட சின்னதா ஒரு புடைப்பு, எங்க அண்ணன் மூக்கு மாதிரி."

"அப்ப அது சின்னது இல்லையே!" என்று அண்ணி சிரித்தாள்.