சலவைக் கடையில் விழுந்த கோல்கள்

பூட்டு என்று பட்டப்பெயர் வாங்கிய கோல்கீப்பரைத் தாண்டிப் போன பந்து, ஒரே ஒன்றைத் தவிர, வலையில் தங்கியதில்லை. கோல் கோட்டைக் கடந்த மறுகணம் அது மைதானத்தில் இருக்காது. அவளுடைய அம்மாவின் சலவைக் கடையில், இஸ்திரி மேசைமேல் தொப்பென்று விழுந்து கிடக்கும். மைதானம் நாலு தெரு தள்ளி இருந்தாலும் சரி, கடல் தாண்டி இருந்தாலும் சரி, வழியில் அது நேரம் எடுத்துக்கொண்டதாக யாரும் பார்த்ததில்லை. மழையில் ஆடிய பந்து சொட்டச் சொட்ட விழும், வெயிலில் ஆடிய பந்து சூடாக விழும். எப்போதும் மேசையின் ஜன்னல் பக்கத்து முனைதான், அதிலும் வெளுத்து வைத்த துணியின் மேல்தான். அழுக்கு மூட்டை பக்கத்திலேயே இருந்தும் ஒருநாளாவது அதன்மேல் விழுந்ததா என்று அம்மா கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டாள்.

முதல் பந்து விழுந்தபோது மகளுக்கு அந்தப் பட்டப்பெயர் கிடைத்திருக்கவில்லை. கைகால் நீண்ட பள்ளிக்கூடத்துப் பெண், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி டாக்டரின் வெள்ளைக் கோட்டுக்குக் காலர் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் கண்ணெதிரே, சேறு அப்பிய பந்து ஒன்று கோட்டின் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அம்மா கூரையைப் பார்த்தாள், ஓட்டை இல்லை. ஜன்னலைப் பார்த்தாள், சாத்தியிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்து சைக்கிள் கடைக்காரரை ஒரு பாட்டம் திட்டிவிட்டு வந்தாள். சாயங்காலம் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

"ஒரு கோல் விட்டுட்டேம்மா. பந்தையும் காணோம். புதர் எல்லாம் தேடியாச்சு."

"இதுவா பாரு."

மகள் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதேதான். அம்மா டாக்டர் கோட்டையும் சவுக்காரக் கட்டியையும் அவள் கையில் திணித்தாள். "கறை உன்னோடது. நீயே தேய்."

அதுவே அந்த வீட்டில் சட்டமாகிப் போனது. எத்தனை கோல் விடுகிறாளோ அத்தனை துணியைத் துவைத்துவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்கலாம். செம்மண் கறை என்றால் விரல் நுனி எரியும், புல் கறை என்றால் தோள்பட்டை கழன்றுவிடும். ஊரில் மற்ற கோல்கீப்பர்கள் தோற்றால் அழுதார்கள். இவள் தோற்றால் ஆஸ்பத்திரி விரிப்புகளை அலசிப் பிழிந்தாள். பந்து வருகிறதென்றால் அவள் கண்ணுக்குப் பந்தோ, வலையோ, கூட்டமோ தெரிவதில்லை. அம்மா மடித்து அடுக்கிய வெள்ளை அடுக்குத்தான் தெரியும். பாய்ந்துவிடுவாள். பின்னாளில் கிளப்பில் சேர்ந்தபோது, இந்த மணிக்கட்டுக்கு என்ன உடற்பயிற்சி செய்தாய் என்று கோச் வாயைப் பிளந்தார். ஈரக் கம்பளி பிழிந்தேன் என்றாள். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

கிளப் ஆட்டம் என்றதும் விவகாரம் பெரிதானது. வலையில் பந்தே இல்லாதபோது அது எப்படி கோல் ஆகும் என்று பூட்டின் கிளப் வக்கீல் வாதாடினார்; எங்கள் பந்தைத் திருடிக்கொண்டு கோலையும் இல்லை என்பதா என்று எதிரணி வக்கீல் மேசையைத் தட்டினார். லீக் கமிட்டி டீயும் பிஸ்கட்டுமாகக் கூடி ஒரு முடிவுக்கு வந்தது: கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதுதான் ஆட்டத்தின் கேள்வி, அதன்பிறகு பந்து எங்கே குடியிருக்கிறது என்பது அதன் சொந்த விஷயம். அன்றிலிருந்து அவள் ஆடும் மைதானங்களில் கூடுதலாக ஒரு பெட்டி பந்து கொண்டுவந்து வைத்தார்கள், ஐஸ் கட்டிப் பெட்டி வைப்பதுபோல. விஷயம் அதோடு தீர்ந்தது.

தெருவுக்கு அதனால் லாபம்தான். டிவியில் ஆட்டம் ஒரு மூச்சு தாமதமாக வரும், மேசைக்கு அந்தத் தாமதம் கிடையாது. சலவைக் கடையில் கூடியிருப்பவர்கள் "ஐயோ" என்று தலையில் கை வைத்த பிறகுதான் எதிர் வீட்டு டிவியில் எதிரணிக்காரி பந்தை உதைக்கவே ஆரம்பிப்பாள். சைக்கிள் கடைக்காரர் பழைய கோபத்தை எல்லாம் மறந்துவிட்டு, விழுந்த பந்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, "இது தலையால முட்டினது, பாருங்க எண்ணெய்ப் பிசுக்கு" என்று வர்ணனை சொல்லும் பதவிக்குத் தாமாகவே வந்து சேர்ந்தார்.

வெளிநாட்டு கிளப் ஒன்று கூப்பிட்டபோதுதான் அம்மாவுக்கும் மகளுக்கும் முட்டிக்கொண்டது. இங்கே இருக்கிற வலை போதாதா என்றாள் அம்மா. இங்கே என்னை எதிர்த்து அடிக்க ஆளில்லை என்றாள் மகள். பேச்சு தடித்து, போகிற அன்றைக்கு இருவரும் பஸ் நிலையத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டே நின்றார்கள். அதன்பிறகு போனும் இல்லை, ஒன்றும் இல்லை. அம்மா வைராக்கியமாக இஸ்திரி போட்டாள். பிறகு ஒருநாள் மத்தியானம், கடைக்குள் புழுங்கித் தள்ளுகிற நேரத்தில், மேசைமேல் ஒரு பந்து விழுந்தது. அதன்மேல் ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டாள், விரல் விறைத்தது. பனி! அம்மா அதுவரை பனியைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தாள். உள்ளங்கையில் அள்ளி, அது தண்ணீராகி விரலிடுக்கில் ஒழுகும்வரை வைத்திருந்துவிட்டு, நேரே போய் போனை எடுத்தாள்.

"ஸ்வெட்டர் போட்டிருக்கியாடி?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "ரெண்டு போட்டிருக்கேம்மா."

சண்டை முடிந்தது.

பிறகு வந்தவை பொற்காலம் என்று தெருவில் சொல்வார்கள். அந்த வருஷங்களில்தான் ரசிகர்கள் அவளுக்குப் பூட்டு என்று பெயர் வைத்தார்கள், தேசிய அணியின் மஞ்சள் சட்டை அவளுக்குக் கிடைத்தது. மூலையைப் பார்த்து அடித்தால் மூலையில் இருந்தாள், மேலே அடித்தால் மேலே இருந்தாள். பெரிய பெரிய அடிக்காரிகள் அவளைப் பார்த்ததும் காலை எங்கே வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்து, வானத்துக்கு அடித்துவிட்டுப் போனார்கள். கடை மேசை மாதக்கணக்கில் சுத்தமாகக் கிடந்தது. ஊரே ஆட்டம் போட்டது, அம்மா மட்டும் ஆட்டம் உள்ள நாட்களில் ஜன்னல் பக்கத்து முனையில் வெள்ளைத் துணியை அடுக்கிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பொண்ணு ஜெயிச்சா எனக்கு ஒண்ணும் வர்றதில்ல பாருங்க" என்று சைக்கிள் கடைக்காரரிடம் சொன்னாள். மகளிடமே ஒருதரம் கேட்டும் விட்டாள்: உங்க டீம் நாலு கோல் முன்னாடி இருக்கும்போது ஒண்ணே ஒண்ணு விட்டாத்தான் என்ன குறைஞ்சு போகுது? மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கேட்டது தப்பாகப் போயிற்று என்று நினைக்கும்படி ஒருநாள் வந்தது. உலகப் போட்டிக்கான தகுதி ஆட்டம். முதல் பந்து விழுந்ததும் கடையில் கைதட்டினார்கள், அக்காவுக்குப் பார்சல் வந்துவிட்டது என்று கிண்டல் செய்தார்கள். அடுத்தது விழுந்தது. கை எடுப்பதற்குள் இன்னொன்று. பிறகு மழைபோலக் கொட்டியது. இஸ்திரிப் பெட்டி கவிழ்ந்தது, கஞ்சி வாளி உருண்டது. கடைசிப் பந்து விரிப்பில் மெதுவாக உருண்டு, பின்னால் ஒரு சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு நின்றது. சேற்றுக்கும் செம்மண்ணுக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம் அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரசவத்தின்போதுகூடச் சாத்தாத கடையை அன்றைக்குச் சாத்தினாள். கடைக்கு விரிப்புகளை வெளுக்கப் போடும் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் யார் யாரையோ பிடித்து டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் வழி செய்துகொடுக்க, ஜன்னலோர சீட்டில் கண்ணை இறுக்க மூடியபடி அம்மா கடலைத் தாண்டினாள்.

அறைக் கதவைத் திறந்த மகள் இடது கையைப் பின்னால் வைத்துக்கொண்டு சிரித்தாள். "நீ எங்கம்மா இங்க?"

"கையைக் காட்டு."

"ஒண்ணுமில்ல, லேசா..."

"வெளுக்கிறவகிட்டயேவா கறையை மறைக்கிற? காட்டுடி!"

நடுவிரல் வீங்கி நீலம் பாரித்திருந்தது. எலும்பு முறிந்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது. சொன்னால் இரண்டாவது கோல்கீப்பர் இடத்தைப் பிடித்துக்கொள்வாள் என்று பயந்து, பிளாஸ்திரி சுற்றிக் கையுறைக்குள் ஒளித்து ஆடியிருக்கிறாள். அம்மா அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு போய் வெளிநாட்டுக்காரரான கோச் முன்னால் நிறுத்தினாள். பாஷை தெரியாததால் விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள். ஆறு மாதம் ஆடக்கூடாது என்றார்கள். மகள் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை, மூன்றாம் நாள் தலைவாரிவிடச் சொல்லி முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

விரல் கூடி அவள் திரும்ப ஆடிய முதல் ஆட்டத்துக்கு அம்மா பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ஒரு கோல் விழுந்தது, பந்து வலையிலேயே கிடந்தது. அரங்கமே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. பூட்டு வாழ்க்கையில் முதல்முறையாகக் குனிந்து தன் வலையிலிருந்து பந்தை எடுத்தாள், அம்மாவைத் தேடி அண்ணாந்து பார்த்தாள். அதிகாரிகளுக்குப் பரம சந்தோஷம். இனி எல்லா ஆட்டத்துக்கும் அம்மாவை அழைத்து வரலாம், பந்துச் செலவு மிச்சம் என்றார்கள். மகள்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"நீ இங்க இருந்தா விட்டாலும் ஒண்ணும் கெட்டுப்போகாதுன்னு கைக்குத் தெரிஞ்சிடுதும்மா. சோம்பேறி ஆயிடுது. நீ கடைக்குப் போ. நல்ல வெள்ளையா விரிச்சு வை."

அப்படித்தான் உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தன்று அம்மா தன் கடையில் இருந்தாள். தலைமை நர்ஸ் ஆபரேஷன் அறையிலிருந்து இருப்பதிலேயே வெள்ளையான விரிப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். எடுத்து வைத்துவிடுங்கள் அக்கா, பாழாகிவிடும் என்று கூட்டம் கெஞ்சியது. அம்மா அதை மேசையில் விரித்து, சுருக்கம் போகத் தேய்த்து, நாலு மூலையும் இழுத்துவிட்டாள். கடைக்குள் நிற்க இடமில்லாமல் ஆட்கள் வாஷிங் மெஷின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஆட்ட நேரம் முடிந்தது, கூடுதல் நேரமும் முடிந்தது, இரு பக்கமும் கோல் இல்லை, விரிப்பில் பொட்டு அழுக்கில்லை. பெனால்டி. ஊரில் உள்ள டிவி எல்லாம் ஒன்றாக ஓடியதில் அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஆளாளுக்குப் போனை எடுத்ததில் போனும் செத்தது. இனி மேசை ஒன்றுதான் சேதி சொல்லும்.

தொப்! எதிரணியின் முதல் அடி, நனைந்த பந்து. அங்கே மழைபோல என்றார் சைக்கிள் கடைக்காரர். தொப், அடுத்தது. தொப். எதிரணி அடிப்பதெல்லாம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஆனால் அடுத்த பந்து விழுகிறதென்றால் நம்மவர்களும் விடாமல் போடுகிறார்கள், ஆட்டம் சாகவில்லை என்று அர்த்தம். அதனால் பந்து விழுந்தாலும் திட்டினார்கள், விழத் தாமதமானால் இன்னும் அதிகமாகத் திட்டினார்கள். தொப், தொப், தொப் என்று மேசை நிறைந்தது, விரிப்பின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. எண்ணிக்கொண்டிருந்தவர்கள் எண்ணிக்கையை விட்டார்கள். பிறகு பந்து விழுவது நின்றுபோனது.

பூட்டு பிடித்துவிட்டாள், அல்லது நம்மவர் யாரோ வெளியே அடித்து ஆட்டமே முடிந்துவிட்டது, இரண்டில் ஒன்று. சைக்கிள் கடைக்காரர் வர்ணனைப் பதவியை மறந்து சுவரோடு ஒட்டி நின்றார். அம்மா இரண்டு கையையும் ஈர விரிப்பில் ஊன்றிக்கொண்டாள். விழு அல்லது விழாதே, எதைச் சொல்லி வேண்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ, மடியில் செருகியிருந்த போன் உயிர் வந்து அலறியது.

"பிடிச்சிட்டேம்மா! பிடிச்சிட்டேன்! அப்புறம் எங்க ஆளுக்குக் கால் இழுத்துக்கிச்சு, நானே போய் அடிச்சேன்! உள்ள போயிடுச்சும்மா, ஜெயிச்சிட்டோம்!"

கடை வெடித்தது. ஒருவர் வாஷிங் மெஷினிலிருந்து விழுந்து, விழுந்த இடத்திலேயே ஆடினார். தலைமை நர்ஸ் ஆபரேஷன் விரிப்பை உருவிக் கொடிபோலச் சுற்றினார், பந்துகள் உருண்டு தெருவுக்கு ஓடின. அம்மா ஒரு காதைப் பொத்திக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாகக் கத்திக் கேட்டாள்: "நீ அடிச்ச பந்து எங்கடி? அதைப் பத்திரமா எடுத்துட்டு வா!"

"அதைத்தாம்மா தேடறோம். வலையில இல்ல. இன்னிக்கு ரெண்டு பக்கமும் பந்து பத்தாம நடுவர் திண்டாடிட்டார்."

அம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "அந்த எதிர்க் கோல்கீப்பர் பொண்ணு அழறாளா?"

"தேம்பித் தேம்பி அழறா."

"கிட்டப் போய்க் கட்டிக்கோ. பாவம், அவ வீட்டுல பந்து போய் விழுந்த இடத்துல என்ன இருந்துச்சோ."

என்ன இருந்தது என்பது பிறகு தெரியவந்தது. அந்தப் பெண்ணின் அப்பா தன் ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். பாதி முகம் மழித்து, மீதி முகம் சோப்பு நுரையோடு ஒரு வாடிக்கையாளர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். முந்தைய பந்துகள் மூலையில் குவிந்து கிடக்க, கடைசிப் பந்து ஈரத்தோடு வந்து அவர் மடியில் விழுந்தது.

"தோத்துட்டமா?" என்று கேட்டார் வாடிக்கையாளர், கண்ணைத் திறக்காமல்.

"ஆமா" என்றார் அப்பா. பந்தைத் துண்டால் துடைத்து, காயட்டும் என்று வாசல் வெயிலில் வைத்துவிட்டு வந்து, மீதி முகத்தை மழித்து முடித்தார்.