இரண்டு படி கீழே

திருமூர்த்திக்குச் சுருதி தெரியாது. தாளம் அவன் கைக்குள்ளேயே இருந்தது. ஆனால் பாடுகிறவர் சுருதியோடு சேர்ந்து போகிறாரா, விலகிப் போகிறாரா என்பது மட்டும் அவன் காதுக்குப் பிடிபட்டதே இல்லை. அதனால்தான் அன்றைக்கு அந்தக் கல்லூரி மேடையில், எதிரே நின்ற கூட்டம் சிரிக்கத் தொடங்கிய பிறகும் அவன் டிரம்ஸைக் கொட்டிக்கொண்டே இருந்தான்.

அவனை அந்த மேடைவரை கொண்டுவந்தது ஒரு தண்ணீர் மோட்டார். அவன் அப்பா தம்பிதுரைக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புக்கு உதிரி பாகம் செய்யும் பட்டறை. மூன்று வருடத்துக்கு முன் திருமூர்த்தி போத்தனூரில் ஒரு சர்ச்சுக்கு ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் மாட்டப் போனான். சுவிட்சைப் போட்டுவிட்டுத் தண்ணீர் மேலே ஏறுவதற்காகக் காத்திருந்த நேரத்தில், உள்ளே பாடகர் குழுவின் ஒத்திகை கேட்டது. கையில் இருந்த ஸ்பேனரால் பைப்பைத் தட்ட ஆரம்பித்தான். பாட்டு நின்றது. சன்னல் வழியாக ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"யாருங்க அது? நிறுத்தாதீங்க, நல்லாத்தான் இருக்கு" என்றது தலை. அதுதான் பிராங்க். சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவன். அவனுக்குப் பின்னால் நின்று சிரித்தவள் ஜோவிதா. குழுவில் பாடுவாள், கிட்டார் வாசிப்பாள், நோட்டின் கடைசிப் பக்கங்களில் யாருக்கும் காட்டாமல் பாட்டு எழுதுவாள்.

இசைக்குழுவுக்கு 'த்ரீ ஃபேஸ்' என்று பெயர் வைத்தவன் திருமூர்த்தி. பட்டறைக்குள் பிறந்த பெயர். மூன்று ஃபேஸ் கரண்டில் ஒன்று போனாலும் மோட்டார் எரிந்துவிடும் என்று அவன் விளக்கியபோது, "நல்ல சகுனமாப் பேசற" என்று ஜோவிதா தலையில் குட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மெஷின்கள் ஓடாது. சர்ச்சில் பூசை முடிந்ததும் பிராங்கும் ஜோவிதாவும் சர்ச் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருவார்கள். சர்ச் சாமியார் பெரிய மனது பண்ணி அதைக் கொண்டுபோக விட்டிருந்தார். பட்டறையின் பின் ஷெட்டில், எண்ணெய் வாசனைக்கு நடுவே, சாயங்காலம்வரை வாசிப்பார்கள். வீடும் பட்டறையை ஒட்டியே இருந்தது. முதல் நாளே திருமூர்த்தியின் அம்மா சென்னியம்மாள் பெரிய டிரம்மின்மேல் விபூதியை மூன்று விரலால் இழுத்துவிட்டாள். "சத்தம் அதிகமா இருந்தாலும் சாமிக்குக் கேக்கட்டும்" என்றாள். ஒத்திகை முடிகிற நேரம் பார்த்து எல்லோருக்கும் டீ வைப்பாள்.

சொந்தப் பாட்டு மட்டும்தான் பாடுவது என்று மூவரும் முடிவு செய்திருந்தார்கள். அந்த வைராக்கியத்துக்கு ஊர் கொடுத்த மரியாதை கொஞ்சம்தான். செல்போன் கடைத் திறப்பு விழாவில் இரண்டாவது பாட்டிலேயே மைக்கை அணைத்துவிட்டார்கள். ஒரு கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளையின் மாமா மேடையேறி, "ஏனுங் தம்பி, தெரிஞ்ச பாட்டா ஒண்ணு போடுங்களேன், சனம் எந்திரிச்சுப் போவுதல்ல?" என்று கெஞ்சினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மூன்று பேரும் அவரைப் போலவே பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அப்போது சிரிக்க முடிந்தது.

இடையில் பிராங்கின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் வாசிக்கும் விரல் மாறாமலே சுருதி மட்டும் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும். சர்ச் குழுவில் பாதிப்பேர் வயதான பெண்கள். ஞானாபரணம் டீச்சர் மேலே எட்டிப் பிடிக்கப் போனால் இருமல்தான் வரும். பிராங்க் யாரிடமும் சொல்லாமல் இரண்டு படி இறக்கி வைத்து வாசிக்கத் தொடங்கினான். "பாத்தியா, எந்தொண்ட இன்னும் கெடல" என்று டீச்சர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். 'கடவுளே எறங்கி வந்தாரு, கீபோர்டு எறங்கக் கூடாதா?' என்பது பிராங்கின் வாதம். கீபோர்டை அணைத்தால் அந்த இறக்கம் அழிந்துவிடும். அதனால் எங்கே சுவிட்சைப் போட்டாலும், சிலுவை போடுவதைப் போல, அவன் விரல் தானாகப் போய் இரண்டு தரம் அழுத்திவிடும். ஜோவிதா தன் கிட்டாரையும் அதற்கேற்ப இறக்கியே சுருதி சேர்த்தாள். மூன்று வருடப் பாட்டுகளும் அந்தச் சுருதியில்தான் பிறந்தன.

அந்தக் கல்லூரி விழாவுக்கு, புதுக் குழுக்களின் பாட்டை வெளியிடுகிற ஒருவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். ஒவ்வொரு வாத்தியத்தையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்க மட்டுமே நேரம் கிடைத்தது. எல்லாம் சரியாக இருந்தது. பிறகு மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் ஓடி விளக்குகள் மறுபடி எரிந்தன. கூட்டம் கத்தியது. பிராங்க் அணைந்துபோன கீபோர்டின் சுவிட்சைப் போட்டு, அவசரத்தில் சிலுவை போட்டுக்கொண்டான். பொத்தானை மறந்தான்.

ஜோவிதா பாடியது 'தண்ணி வர்ற நேரம்'. குழாயில் தண்ணீர் வரும் நாளுக்காகக் குடங்களோடு காத்திருக்கும் தன் அம்மா அமலியை நினைத்து அவள் எழுதியது. கீபோர்டு ஒரு பக்கம் இழுத்தது, கிட்டார் ஒரு பக்கம் இழுத்தது. நடுவில் அவள் குரல், ரோட்டைக் கடக்கத் தெரியாத குழந்தைபோல இங்கும் அங்கும் ஓடியது. பிறகு நின்றுவிட்டது. திருமூர்த்தியின் டிரம்ஸ் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் பிராங்க் எல்லாவற்றையும் சொல்லி அழுதான். "பட்டன அமுத்த மறந்துட்டேன் ஜோ. எல்லாம் என்னாலதான்."

"சரி, விடு" என்றாள் அவள், சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. "பாடுனது நீயா? நான்தான?"

அவள் மன்னித்தது பொய்யில்லை. ஆனால் யாரோ அந்தப் பாட்டை செல்போனில் பிடித்து, அவள் குரல் உடைகிற இடத்தில் ஆடு கத்தும் சத்தத்தைச் சேர்த்துப் பரப்பிவிட்டார்கள். பீளமேட்டில் அவள் வேலை செய்த அலுவலகத்தில், அவள் கடந்து போகும்போது மூலையிலிருந்து யாராவது மெதுவாக "ம்மே" என்பார்கள். சர்ச் குழுவிலிருந்தும் நின்றுகொண்டாள். கிறிஸ்துமஸ் பூசையில் சபையோடு சேர்ந்து பாடக்கூட வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. அமலி மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டே இருந்தார்.

திருமூர்த்தி மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் ஷெட்டைத் திறந்து, பெருக்கி, காத்திருந்தான். யாரும் வரவில்லை. பிராங்குக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. மார்கழியில் அப்பா சொன்னார்: "தை பொறந்ததும் புது மெஷின் வருது கண்ணு. அந்த டிரம்மையெல்லாம் எடுத்துப்போடு. மூனு வருசமா ஞாயித்துக்கெழம நானும் தூங்குலயில்ல?" கேலியாகத்தான் சொன்னார். மகன் முகத்தைப் பார்த்ததும் தோளில் கை வைத்தார். "என்ன பண்றது? எடமில்லியே."

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, சாமான்களை எடுக்க, கீபோர்டும் கிட்டாருமாக இருவரையும் வரச் சொன்னான். ஒரே ஒரு தடவை அந்தப் பாட்டு முழுதாகக் கேட்டுவிட்டால் போதும் என்று அவனுக்கு இருந்தது. அதற்குமேல் அவன் எதையும் வேண்டவில்லை.

"ஒரே பாட்டு ஜோவிதா" என்றான்.

"வேண்டாம் மூர்த்தி. வாயத் தொறந்தா அந்த ஆட்டுச் சத்தந்தான் எனக்குக் கேக்குது."

அவள் கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. பிராங்க் குனிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சாவு வீட்டில் சாமான் ஒதுக்குவதுபோல இருந்தது.

சென்னியம்மாள் டீயும் ஒரு தட்டில் கச்சாயப் பலகாரமும் கொண்டுவந்தாள். "என்னுங் கண்ணு, அதுக்குள்ள சுருட்டியாச்சா? பாட்டு?"

"இல்லீங்ம்மா" என்றான் பிராங்க்.

"அதெப்படி? அந்தத் தண்ணி வர்ற பாட்டு கடெசில எப்படி முடியுதுன்னு எனக்குத் தெரியவே தெரியாதே. அந்த எடம் வர்றப்பத்தான் பாழாப்போன டீ பொங்கும், நான் அடுப்புக்கு ஓடீருவேன். மூனு வருசமா இதே கூத்து."

"உங்களுக்கு அந்தப் பாட்டு தெரியுங்களா?" என்றாள் ஜோவிதா.

"கேட்டுக் கேட்டுத் தெரியாமப் போகுமா அம்மணி? பாத்திரம் வெளக்கறப்ப அதுதான் வாயில வரும்." கூச்சப்பட்டு முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு, எண்ணெய் டின்னின்மேல் உட்கார்ந்து பாட ஆரம்பித்தாள்.

*மூனு நாளாச்சு தண்ணி வந்து*
*குடமெல்லாம் வாயப் பொளந்து கெடக்கு...*

பிராங்க் நிமிர்ந்தான். முகத்தில் வலியா சிரிப்பா என்று தெரியவில்லை. சுருட்டிய ஒயரை மறுபடி பிரித்து கீபோர்டைச் செருகினான். பொத்தானை இரண்டு தரம் அழுத்தினான். சென்னியம்மாளின் குரல் அந்தச் சுருதியில் இல்லை. இன்னும் ஒரு படி இறங்கினான். அதற்குள் அவள் மேலே போயிருந்தாள். அவன் பின்னாலேயே ஏறினான், இறங்கினான், கோழி பிடிக்க ஓடுகிறவனைப் போல. திருமூர்த்தி விரல்களால் மட்டும் டிரம்மைத் தொட்டான்.

ஓரிடத்தில் சென்னியம்மாளுக்கு வார்த்தை மறந்தது. ஜோவிதா மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். அடுத்த வரியையும் எடுத்துக் கொடுத்தாள். டீ பொங்குகிற இடம் வந்ததும் சென்னியம்மாள் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். அதற்குமேல் தெரிந்தவள் அங்கே ஒருத்திதான்.

*கழுவி வெச்ச குடத்தக் கவுக்காத*
*வர்ற தண்ணிக்கு வழி தெரியோணும்.*

குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. ஜோவிதா நிறுத்தவில்லை.

"அவ்ளோதானா?" என்றாள் சென்னியம்மாள். "தண்ணி வந்துச்சா இல்லியா?"

"வரலீங்ம்மா."

"அடக் கடவுளே" என்று அவள் நிஜமாகவே வருத்தப்பட்டாள். பிறகு எழுந்துபோய் ஜோவிதாவின் கன்னத்தைத் தடவி, கையில் ஒரு கச்சாயத்தை வைத்து அழுத்தினாள். "தின்னு சாமி. எளச்சுப் போயிட்டே."

திருமூர்த்தி பிராங்கின் பக்கம் குனிந்தான். "சுதி சேந்துச்சாடா?"

"எங்கடா! உங்கம்மா ஒரு எடத்துல நின்னாத்தான? பட்டனே தேஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டுப் பிராங்க் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். சாயங்காலம் பஸ் ஏறும்போது, "இனிமே நான் மேடைல ஏற மாட்டேன் மூர்த்தி. என்னெக் கூப்பிடாத" என்றாள் ஜோவிதா. அவன் தலையாட்டினான். பிராங்க் அடுத்த நாளே ஓசூர் போனான். 'த்ரீ ஃபேஸ்' அதோடு முடிந்தது.

வீடு திரும்பி, டிரம்ஸை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பரணில் ஏற்றினான் திருமூர்த்தி. பெரிய டிரம்மில் மட்டும் விபூதி இருந்த இடத்தைத் துடைக்காமல் விட்டான். காலியான ஷெட்டில் மெஷினுக்காகத் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"அடுத்த ஞாயித்துக்கெழம எத்தன பேருக்கு டீ வெக்கட்டும் கண்ணு?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள். தெரியாமல் கேட்கவில்லை.

"நமக்கு மட்டும் போதுங்ம்மா."

பெரிய டீப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவும் சத்தம் கேட்டது. அவன் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது, மற்ற பாத்திரங்களெல்லாம் கவிழ்ந்து கிடக்க, அது ஒன்று மட்டும் மேடைமேல் நிமிர்ந்து இருந்தது.