எட்டுப்பக்கம்

"அப்பா, அந்த மாமா எல்லாருக்கும் வசனம் எடுத்துக் குடுக்கறாரே, அவருக்கே மறந்துபோச்சுன்னா யாரு எடுத்துக் குடுப்பா?"

மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. மேடையில் திரைச்சீலை ஓரமாக, மர நாற்காலியில், மடியில் நாடகப் பிரதியை விரித்து வைத்திருந்தவரைக் காட்டிக் கேட்டாள். "அவருக்கெல்லாம் மறக்காதும்மா" என்று சிரித்தார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

பதினொரு வருடம் ஆகிவிட்டது. மகள் வேறு ஊரில் படிக்கிறாள். கேள்வி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. நண்பர்கள் கூடும் அந்தச் சனி ஞாயிறு நெருங்கினால் போதும், எங்கிருந்தோ எழுந்து வந்து அவர் காதருகில் நிற்கும்.

வருடா வருடம் சனிக்கிழமை மாலை பள்ளிக்கூட மண்டபத்தில் பாட்டு, ஞாயிறு மதியம் அதே மேடையில் நாடகம். பல் டாக்டர் வயலின் வாசிப்பார். தையல் டீச்சர் நாடகம் எழுதி நடத்துவார். அச்சகத்தில் பிழை திருத்துபவர்தான் வசனம் எடுத்துக் கொடுப்பார். வாயில் எந்நேரமும் ஒரு பெப்பர்மின்ட். அவர் குரல் முதல் வரிசைக்குக் கேட்காது. நடிப்பவர் காதுக்குத் தப்பாது.

மகள் அப்படிக் கேட்ட வருட நாடகத்தில் ஒரே கேள்வி இரண்டு இடத்தில் வந்தது. "வாசல்ல யாரோ நிக்கிற மாதிரி இருக்கே" என்பாள் தங்கை. முதல் தடவை அண்ணன், "யாருமில்லை, காத்துதான்" என்பான். எட்டுப் பக்கம் கழித்து அவள் மறுபடி கேட்கும்போது, "கதவைத் திற. எத்தனை நாள்தான் வெளியிலேயே நிப்பான்" என்பான். அண்ணனாக நடித்த கண்ணாடிக்காரர் முதல் தடவையே கதவைத் திறக்கச் சொல்லிவிட்டார். திரை ஓரத்திலிருந்து சரியான வசனம் தெளிவாகவே வந்தது. அதற்குள் தங்கை போய்க் கதவைத் திறந்துவிட்டாள். எட்டுப் பக்கம் போனது போனதுதான். பல் டாக்டரின் தனி வாசிப்பு அதற்குள்தான் இருந்தது. அதைக் கேட்கவென்றே அவருடைய அம்மா சக்கர நாற்காலியில் வந்து முன்வரிசையில் காத்திருந்தார்.

திரை விழுந்ததும், "யாருடா விட்டது?" என்று டாக்டர் பாய்ந்து வந்தார்.

கண்ணாடிக்காரர் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "நான்தாம்பா. நாலு தாளைச் சேர்த்துப் புரட்டிட்டேன்."

திறந்த வாய் மூடிக்கொண்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நாளைகள் போய்க்கொண்டே இருந்தன. டாக்டரின் அம்மா அடுத்த வருடம் உயிரோடு இல்லை. அதன்பிறகு சொல்ல நாக்கு எழவில்லை.

பிழை திருத்துபவருக்கு 'எட்டுப்பக்கம்' என்று பெயர் விழுந்தது. கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவார். ஆனால் அந்த மர நாற்காலியில் அவர் மறுபடி உட்காரவில்லை. கடைசி வரிசையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து நாடகம் பார்த்துவிட்டுப் போவார். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

இந்த வருடம் டீச்சர் அதே நாடகத்தை மறுபடி எடுத்தார். அண்ணன் வேஷம் மறுபடியும் கண்ணாடிக்காரருக்குத்தான். ஒருநாள் எட்டுப்பக்கத்தின் மனைவி கண்ணாடிக் கடைக்கு வந்து, கணவரின் பழைய ஃபிரேமை மேஜைமேல் வைத்தார்.

"தம்பி, இதுல என் பவருக்குக் கண்ணாடி மாட்டிக் குடுங்க. வசனம் நான் எடுத்துக் குடுக்கறேன்னு டீச்சர்கிட்ட கேட்டிருக்கேன்."

"உங்களுக்கு எதுக்கு அண்ணி இந்தச் சிரமம்?"

"அவர் விட்ட எட்டுப் பக்கத்தை ஒரு தடவையாவது ஒழுங்கா எடுத்துக் குடுத்துடணும். கடைசிவரைக்கும் அந்தப் பேரைச் சுமந்துக்கிட்டே போயிட்டார், பாவம்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சனிக்கிழமைக்குள்ள ரெடியாயிடும் அண்ணி" என்று மட்டும் சொன்னார். ஃபிரேமைக் கழுவும்போது ஈரத்திலிருந்து லேசாக பெப்பர்மின்ட் வாசனை வந்தது. இரண்டு முறை கழுவினார். போகவில்லை.

சனிக்கிழமை பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் வந்த அமைதியில், பின்னால் யாரோ மெல்லத் தொண்டையைச் செருமினார்கள். கண்ணாடிக்காரர் திரும்பினார். கடைசி வரிசை காலி. ஆள் எழுந்ததும் தானாக மடங்கும் நாற்காலிகள் அவை. ஓரத்து நாற்காலி மட்டும் விரிந்தே கிடந்தது.

"என்னடா, பேயறைஞ்சவன் மாதிரி முழிக்கிறே?" என்றார் டாக்டர், வயலினைத் துடைத்தபடி.

"அந்த நாற்காலி ஏன் மடங்கலை?"

"ஸ்பிரிங் போயிருக்கும்" என்றார் டீச்சர். "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டறீங்க, உங்களுக்கு ஒண்ணு மாட்டிக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாடகம். திரை ஓரத்து அரையிருட்டில் அந்தப் பழைய ஃபிரேம் மின்னியது. முகம் தெரியவில்லை, கண்ணாடி மட்டும் தெரிந்தது. தங்கை கேட்டாள்: "வாசல்ல யாரோ நிக்கிற மாதிரி இருக்கே."

கண்ணாடிக்காரர் மனம் முழுக்க அந்தத் தப்பான வசனம்தான் இருந்தது. கதவைத் திற என்பது நுனிநாக்கு வரை வந்துவிட்டது.

"யாருமில்லை, காத்துதான்" என்றது ஒரு குரல், காதுக்கு மிக அருகில். பெப்பர்மின்ட் வாசனை அடித்தது.

"யாருமில்லை" என்றார் அவர். "காத்துதான்."

நாடகம் தன் வழியே போனது. டாக்டர் தன் வாசிப்பை ஒரு சுரம் விடாமல் வாசித்து முடித்தார். பார்த்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் அவர் திரை ஓரத்து மர நாற்காலியருகே போனார். "நல்லவேளை, நீங்க எடுத்துக் குடுத்தீங்க அண்ணி."

"எந்த இடத்துல?"

"காத்துதான்னு சொல்ற இடத்துல."

"ஐயோ, அங்கே தாள் ஒட்டிக்கிச்சு தம்பி. நகத்தால பிரிச்சுக்கிட்டிருந்தேன். நான் வாயே திறக்கலை. நீங்களாத்தான் சொன்னீங்க." கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "அவருக்கும் அன்னைக்கு இப்படித்தான் ஒட்டியிருக்கும்."

பக்கத்து வகுப்பறையில் எல்லோருக்கும் டீ வந்திருந்தது. டீச்சர் கூப்பிட, பிரதியை நாற்காலியிலேயே வைத்துவிட்டு அந்த அம்மாள் போனார்.

கண்ணாடிக்காரர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் போட்ட குறி நேர் எதிரே தெரிந்தது. இங்கிருந்து பார்த்தால் நடிப்பவரின் உதடு அசைவதுகூடத் தப்பாது. அன்று இங்கே உட்கார்ந்திருந்தவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

அந்தப் பக்கத்தைத் திறந்தார். ஓரத்தில் பென்சிலால், பிழை திருத்துபவரின் பொடி எழுத்தில், பழைய தேதியோடு ஒரு வரி: 'என் பிழை. எட்டுப் பக்கம்.'

யாரும் பார்க்கப்போகாத இடத்தில்கூட நண்பனைக் காட்டிக்கொடுக்க அந்த மனுஷருக்கு மனம் வரவில்லை. இப்படிச் சிலரை ஆண்டவன் நமக்குப் பின்னாலேயே உட்காரவைக்கிறான். நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விடுகிறார்கள்.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அந்த வரியின்மேல் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் எழுதினார்: 'திருத்தம். வசனம் சரியாகவே எடுத்துக் கொடுக்கப்பட்டது. எனக்குக் கேட்டது. பிழை, அண்ணனாக நடித்த என்னுடையது. அண்ணி, படித்ததும் கூப்பிடுங்கள். டாக்டரிடமும் நானே சொல்கிறேன்.' கீழே கையெழுத்துப் போட்டார். பிரதியைத் திறந்தால் அந்தப் பக்கமே விழும்படி அடையாள நூற்கயிற்றை அங்கே வைத்தார்.

சுவருக்கு அப்பால் டாக்டர் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரிப்பது கேட்டது. இருண்ட மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி டக்கென்று மடங்கியது.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. மை காயும்வரை அந்தப் பக்கத்தை ஊதிக்கொண்டே இருந்தார்.