பெனினுக்கு நேரே பிரெஞ்சு

துபாய்க்கு அந்தப் பக்கம், ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் எனக்கு வேலை. புதிதாக வருகிறவர்களுக்குப் பாதுகாப்பு விதித் தாளை அவரவர் மொழியில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். பாஸ்போர்ட்டில் எந்த நாடோ, அதற்கு நேரே எந்த மொழி என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஏழு வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

மெஷின் பூட்ட வந்த எஞ்சினியர் லிதுவேனியாக்காரர். அவருக்கு அந்தப் பட்டியல் போதும். லிதுவேனிய மொழி பேசுகிறவர்கள் முப்பது லட்சம் பேர் இருப்பார்கள். பெரும்பாலோர் அந்த ஒரே நாட்டுக்குள். தாளை வாங்கி வரிவரியாகப் படித்து, ஓர் எழுத்துப்பிழையையும் திருத்திக் கொடுத்தார்.

அதே வாரம் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தவர் கோலாவோலே. பெனின் நாட்டுக்காரர். பட்டியலில் பெனினுக்கு நேரே பிரெஞ்சு. பிரெஞ்சுத் தாளையே கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். அவருக்குத் தெரிந்ததோ யோருபா மட்டும். அது நைஜீரியாவின் தென்மேற்கு, பெனின், டோகோ என்று எல்லைக்கோட்டைச் சட்டை செய்யாமல் பரவிக் கிடக்கிறது. நாலு கோடிப் பேருக்கு மேல் பேசுகிறார்கள். பட்டியலில் அதற்கு ஒரு வரி கிடையாது. இதையெல்லாம் நான் தேடிப் படித்தது, ஓடும் பெல்ட்டைத் துடைக்கப் போய் அவர் மூன்று விரல்களை இழந்த பிறகு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஓடும்போது துடைக்கக் கூடாது என்று தாளில் இருந்தது. கையெழுத்தும் இருந்தது. ஆகவே தப்பு அவருடையது என்று, அவரை ஊருக்கு அனுப்ப கம்பெனி வியாழக்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மொழி தெரிந்த நைஜீரியக் காவலாளி ஒருவர் எங்களுக்கு நடுவே பேசினார். புரியவில்லை என்றால் வேறு ஆளை எடுத்துவிடுவோம் என்று பயந்துதான் அன்று தாளை வாங்கித் தலையாட்டினாராம். என் மேல் அவருக்குக் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாதுகாப்பு அதிகாரி லுக்மான் பாய் கீழக்கரைக்காரர். நேராக அவரிடம் போனேன்.

"பட்டியல் தப்புன்னு எழுதுனா போதாது, சரவணா. புரியலேன்னு அவன் ஏன் சொல்லலேன்னு கேப்பாங்க. புரியலேன்னு தெரிஞ்சே கையெழுத்து வாங்குனோம்னு யாராச்சும் எழுதணும். எவன் எழுதுவான்?"

"அவருக்குப் புரியலேன்னு எனக்கு அப்பவே தெரியும் பாய்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் வந்த புதுசுல, இந்தியான்னு பாத்து இந்தித் தாளக் குடுத்தாங்க. ஒரு எழுத்து தெரியாது. அச்சா அச்சான்னு தலையாட்டிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவரும் அப்படித்தான் ஆட்டுனாரு. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. பின்னால பதினோரு பேர் நின்னாங்க, டூட்டி முடியுற நேரம். விட்டுட்டேன்."

லுக்மான் பாய் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இத எழுதுனா உனக்கும் டிக்கெட் போட்டுருவாங்க. யோசிச்சுக்க."

"நாலு நாளா அதத்தான் யோசிச்சேன். தாளக் குடுங்க பாய்" என்றேன்.