தாரை வார்க்கும் படம்

“ஒரு முகத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம்! நீர் என்ன, கோயிலுக்குச் சிலையே—”

“முதலிலை இதைப் பாருங்கோ—”

“—செதுக்கிறீர்? முந்நூற்றுப் பன்னிரண்டு படம், தர்சி. மூண்டு நாளிலை நாப்பத்தேழுதான் முடிச்சிருக்கிறீர்—”

“கத்திறதை விட்டிட்டு இதைப் பாருங்கோ எண்டுறன்! ஐயாவின்ரை விபூதி எங்கை?”

தனோஜன் திரையைப் பார்த்தான். கலியாணப் பொம்பிளையின் தகப்பன் நமசிவாயம் பட்டு வேட்டியோடு மணவறைக்குப் பக்கத்தில் நின்றார். நெற்றி உரித்த முட்டை போல வெறுமையாக இருந்தது. நெஞ்சிலும் கையிலும் கிடந்த மூன்று குறிகளும் போய்விட்டன.

மானிப்பாய்ச் சந்திக்குக் கிட்ட இருந்த அந்த ஸ்ரூடியோவில் படம் எடுப்பவன் தனோஜன். எடுத்த முகங்களில் பருவும் தழும்பும் மினுக்கமும் நீக்குபவள் அவன் மனைவி தர்சிகா. காலையில் அவள் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவரப் போன முக்கால் மணி நேரத்துக்குள், மிச்சம் கிடந்த இருநூற்று அறுபத்தைந்து படங்களையும் அவன் சொவ்ற்வெயர் ஒன்றுக்குள் தள்ளிவிட்டான். தோலில் தோலல்லாத எதைக் கண்டாலும் அது அழித்துவிடும்; தோலையும் வெளுத்துவிடும். சைவக் கலியாணத்தில் தோலில் என்னென்ன இருக்கும் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

“பொம்பிளை கோபிகாவின்ரை கன்னத்தைப் பாருங்கோ. தாய் வைச்ச நாவூறுப் பொட்டு எங்கை? மச்சம் எண்டு நினைச்சு அதையும் துடைச்சுப்போட்டுது உங்கடை கெட்டிக்காரன்.”

“ஒரு பொட்டுக்கு—”

“கனடாவிலை அல்பத்தைத் திறக்கிற சனம் என்ன கேக்கும் தெரியுமே? பொம்பிளையின்ரை தேப்பன் எப்ப வேதத்துக்கு மாறிச் சேர்ச்சுக்குப் போகத் தொடங்கினவர் எண்டு கேக்கும்.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினான். சிரித்தால் தோற்றுப்போவான்.

“சரி. ஒரு நல்ல பட்டையை வெட்டி எடுத்து எல்லா நெத்தியிலையும் ஒட்டுவம். பத்து நிமிஷ வேலை.”

“ஒட்டுங்கோ. ஐயாவுக்கும் ஐயருக்கும் மாப்பிள்ளையின்ரை மாமனுக்கும் ஒரே பட்டை. ரப்பர் முத்திரை குத்தின மாதிரி இருக்கும்.”

“அப்ப நீர் சொல்லும் என்ன செய்யிறதெண்டு! மணி ஒம்பதரை. யாழ்ப்பாணத்து அச்சகக்காரன் பன்னிரண்டுக்குப் பிறகு வாங்கமாட்டான். இண்டைக்குக் குடுத்தால்தான் வெள்ளிக்கிழமை அல்பம். வெள்ளிக்கிழமை பின்னேரம் பொம்பிளையும் மாப்பிள்ளையும் விமான நிலையத்துக்கு வெளிக்கிடுகினம். அல்பம் அந்தப் பெட்டிக்குள்ளை போகேல்லையெண்டால், நீர் செதுக்கின நாப்பத்தேழையும் நாங்கள் ரெண்டுபேரும்தான் இருந்து பாக்கவேணும்.”

நமசிவாயம் முந்தாநாள் போனில் சொன்னது தர்சிகாவின் காதில் இன்னும் கிடந்தது. விசா அவருக்கு இரண்டு தரம் கிடைக்கவில்லை. ரொறன்ரோவில் மாப்பிள்ளை வீட்டார் வைக்கும் விருந்தில் அல்பத்தை மேசையில் விரித்து வைப்பார்களாம். “தாரை வார்க்கிற படத்தை ரெண்டு பக்கத்துக்கும் பெரிசாப் போடுங்கோ பிள்ளை. என்ரை பிள்ளை போற இடத்துக்கு எனக்குப் பதிலா அதுதான் போகுது.”

அந்தப் படத்தை அவள் முதல் நாளே முடித்துவிட்டாள். கையால்தான் செய்தாள்.

“இதைப் பாருங்கோ,” என்று இப்போது அதைத் திறந்து காட்டினாள். “நாப்பது நிமிஷம் இருந்தனான். மண்டபத்து வெக்கையிலை கண்ணுக்குக் கீழையும் கன்னத்திலையும் ஒரே வேர்வை மினுக்கம். எல்லாத்தையும் எடுத்திட்டன். விபூதியிலை ஒரு பொட்டுக்கூடச் சிந்தேல்லை. தோலும் தோட்டக்காரன்ரை தோலாத்தான் இருக்கு. இதை உங்கடை சாமான் செய்யுமே?”

“செய்யாது. ஆனால் அது நாப்பது நிமிஷம் எடுக்காது.”

“பேச்சுக்குக் குறைச்சலில்லை!”

“உமக்கும்தான்.”

சந்தியால் ஒரு பஸ் கோர்ன் அடித்துக்கொண்டு போனது. கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க இருவரும் முயன்றார்கள். முடியவில்லை.

“இஞ்சேருங்கோ,” என்றாள் தர்சிகா, குரலைத் தணித்து. “சனக்கூட்டம் நிக்கிற படத்திலை முகம் வெந்தயம் அளவு. அதிலை ஆர் பருப் பாக்கப்போகினம்? அதுகளை நீங்கள் செய்தபடி விடுவம். கிட்ட நிண்டு எடுத்தது அம்பத்தெட்டு. அதிலை மட்டும் பழைய படத்தை மேலை வைச்சு, நெத்தி, நெஞ்சு, கை, பொட்டு வைச்ச கன்னம், உதுகளைத் திருப்பிக் கொண்டுவாங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

“இதை மூண்டு நாளைக்கு முன்னம் சொல்லியிருக்கலாமே?”

“மூண்டு நாளைக்கு முன்னம் நீங்கள் கேக்கேல்லையே. கத்தினனீங்கள்.”

இரண்டு கணினிகளிலும் வேலை ஓடியது. அவன் நெற்றி நெற்றியாகத் திறந்து விபூதியை மீட்டான். அவள் அவனுடைய தோள்மூட்டுக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்தாள்.

“அந்த மனுசன்ரை காதையும் சேத்துக் கொண்டுவாறியள். காது முந்தி வெள்ளை, இப்ப கறுப்பு.”

“உம்மடை படத்தைப் பாரும்.”

“என்ரை படம் தன்ரை பாட்டிலை இருக்கு.”

பதினொன்றுக்குக் கதவு திறந்தது. நமசிவாயம் சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு நேரே வந்தவர். காலில் மண் காய்ந்திருந்தது. நெற்றியில் காலை பூசிய பட்டை பாதி கலைந்து கிடந்தது. தனோஜன் தன்னையறியாமல் அந்த நெற்றியைப் பார்த்தான்.

“முடிஞ்சுதே தம்பி?”

“ஓம் ஐயா, இன்னும் அரை மணித்தியாலம். இருங்கோ. நீங்கள் ஒருக்காப் பாத்தீங்களெண்டால் அனுப்பிவிடலாம்.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டக் குனிந்தார். தனோஜன் படங்களை விறுவிறென்று தள்ளினான்.

“கொஞ்சம் மெதுவாப் போ தம்பி. உவன் ஆர், எங்கடை பக்கத்து வீட்டுப் பிரணவனே? மாப்பிள்ளையிலும் வெள்ளையா இருக்கிறான்! இவனுக்கு இன்னொருக்காக் கலியாணம் பேசலாம்.”

தர்சிகா கணவனைப் பார்த்தாள். அவன் அடுத்த படத்துக்குத் தாவினான்.

“ஐயாவின்ரை விபூதி எப்பிடி வந்திருக்கு எண்டு பாருங்கோ,” என்றான்.

“வடிவா இருக்கு. நல்ல வடிவா இருக்கு. பொட்டும் இருக்கு. மனுசி முதல் அதைத்தான் தேடுவா.” அவர் நிமிர்ந்து முதுகை நெளித்தார். “பெரிய படத்தைக் காட்டு பிள்ளை. தாரை வார்க்கிறது.”

அது தன் படம் என்பதால் தர்சிகாவே எழுந்து வந்து திறந்தாள். திரை முழுவதும் நிறைந்தது: கோபிகாவின் கை மாப்பிள்ளையின் கைமேல், இரண்டையும் தாங்கிப் பிடித்த தகப்பனின் இரண்டு கைகள், மேலிருந்து தாய் வார்க்கும் தண்ணீர். அவருடைய முகம் அமைதியாக, சீராக, சுத்தமாக இருந்தது.

நமசிவாயம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சால்வையால் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

மேசையில் போன் அடித்தது. அச்சகம். தனோஜன் அதை எடுத்து, “அனுப்புறன் அண்ணை, இந்தா அனுப்புறன்,” என்று சொல்லி வைத்தான்.

“ஐயா, சரிதானே? அனுப்பட்டே?”

“விபூதி இருக்கு,” என்றார் அவர். “எல்லாம் இருக்கு.” மண் பிடித்த விரலைத் திரையில் முட்டாமல், தன் முகத்தின் கண்ணுக்குக் கீழே காட்டினார். “இதிலை ஈரம் இருந்தது.”

“அது வேர்வை ஐயா,” என்றாள் தர்சிகா. “மண்டபத்திலை எல்லாருக்கும் வேர்த்து ஒழுகினது. நான்தான் ஒண்டொண்டாப் பாத்து—”

“எனக்கு வேர்க்கேல்லைப் பிள்ளை. தோட்டத்திலை நிக்கிற உடம்பு, அந்த வெக்கைக்கு வேர்க்காது.”

தர்சிகாவின் கை மவுசின் மேல் அப்படியே நின்றது. தனோஜன் கடிகாரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“என்ரை ரெண்டு கையும் பிள்ளையின்ரை கையிலையெல்லே இருந்தது. பிறகு ஆர் பிள்ளை, என்ரை கண்ணைத் துடைச்சுவிட்டது?”