பொன்னாத்தாள் பொய் சொல்லவில்லை

"அடிச்சானா?"

சித்தூர் வக்கீல் மூன்றாவது முறையாகக் கேட்டபோது பேனா முனை காகிதத்தில் ஊன்றியபடியே இருந்தது. பொன்னாத்தாள் இல்லை என்று தலையாட்டினாள். குடியா? இல்லை. வேறு பெண் சகவாசமா? இல்லை. வக்கீல் மலையாளம் கலந்த தமிழில் அலுத்துக்கொண்டார்.

"பின்னெ எந்துக்கு குட்டி இங்க வந்தது? விவாகரத்துன்னா கோடதியில ஜட்ஜிகிட்ட ஒரு காரணம் சொல்லணும். ரெண்டு தடவை அடிச்சான்னு எழுதலாம். ஆரும் போய்ப் பார்க்கப் போறதில்லை."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஆறுச்சாமிக்கு அது நல்ல வழியாகவே பட்டது. தங்கையின் பக்கம் குனிந்து, "சொல்லீரு அம்முணி, ஒரு வார்த்தைதான்" என்றான்.

"அவரு ஒரு நாளும் என்மேல கை வெச்சதில்லீங்ணா." வக்கீலுக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். "செய்யாததச் செஞ்சார்னு நா எப்படிச் சொல்றது?"

பதினாலு மாதத்துக்கு முன், ஒரு துணிப்பையோடு வேலந்தாவளத்தில் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்றும் இப்படித்தான் பேசினாள். அவள் புருஷன் குப்பண்ணனைப் போல் ஒரு மாப்பிள்ளை கிடைப்பானா என்று ஊரே சொல்லும். தண்ணீர் வற்றாத நாலு ஏக்கர் தோட்டம். குரல் உயர்த்திப் பேசத் தெரியாத ஆள். ஆறு வருடமாகப் பிள்ளை இல்லாததற்குக்கூட ஒரு சொல் சொன்னதில்லை. அவனை விட்டு ஏன் வந்தாய் என்று ஆறுச்சாமி கத்தியபோது, பையைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள். "விடிஞ்சு கண்ணு முழிக்கறப்பல்லாம், ஆரூட்டுலயோ வந்து படுத்திருக்கறம்னு திக்குங்குதுங்ணா. பழகீரும் பழகீரும்னு ஆறு வருசம் பாத்துட்டன். என்ற மனசு பொய் சொல்லுலீங்ணா." அவனுக்கு அது கிறுக்குத்தனமாகத் தோன்றியது. அடுத்த வாரமே அவளைப் புருஷன் ஊருக்குப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனான். வழியெல்லாம் அண்ணன் மகளின் குறும்புகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தவளுக்கு, கொழிஞ்சாம்பாறை நெருங்க நெருங்கப் பேச்சு தேய்ந்துபோனது. இறங்கியபோது உதடு வெளுத்து, யாரோபோல் இருந்தாள். அழவில்லை. போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த முகத்தைக் கொண்டுபோய் அங்கே விட்டுவர ஆறுச்சாமியால் முடியவில்லை. எதிரே நின்ற பஸ்ஸில் இருவரும் ஏறித் திரும்பிவிட்டார்கள்.

வக்கீல் பேனாவை மூடினார். "இன்னொரு வழி உண்டு. இந்த வருஷம் புதுச் சட்டம் வந்திருக்கு. ஒரு வருஷத்துக்கு மேல பிரிஞ்சிருந்து, ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டா காரணம் வேண்டா. அவன் கையெழுத்துப் போடுவானா?"

"நானே போய்க் கேக்கறனுங்க" என்றாள் பொன்னாத்தாள்.

திரும்பும் வழியில் கொழிஞ்சாம்பாறையில் இறங்கி நடந்தார்கள். தான் பேசுவதாக ஆறுச்சாமி சொன்னான். "இல்லீங்ணா, கேக்க வேண்டியது நானு" என்று முன்னால் போனாள். குப்பண்ணன் கடலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். வாய்க்காலின் இக்கரையில் நின்றே அவள் வந்த காரியத்தைச் சொல்லி முடித்தாள்.

அவன் மண்வெட்டிக் காம்பில் இரண்டு கையையும் ஊன்றினான். "நா என்ன தப்புப் பண்ணுனன் பொன்னு?"

"ஒண்ணும் பண்ணுலீங்க. பொய் எழுதுனா சுளுவா முடியும்னாங்க. மாட்டன்னுட்டனுங்க."

கத்துவான், பழி சொல்வான் என்று எதிர்பார்த்து ஆறுச்சாமி ஓரடி முன்னால் வந்தான். குப்பண்ணன் தண்ணீரைப் பார்த்தபடியே பேசினான்.

"நா இல்லாதப்ப நீ ஊட்டுக்குள்ள பாடிக்கிட்டிருப்பே. நா படலத் தொறந்தா நின்னு போயிரும். அதுக்காவ வைக்கப்போருக்குப் பின்னால நின்னு கேட்டுட்டு, முடிஞ்ச பொறகுதான் உள்ள வருவன்."

பொன்னாத்தாள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும். கேக்கத்தான் தைரியம் பத்துல."

ஆறுச்சாமி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். இந்தக் குடித்தனம் ஒட்டவில்லை என்பது ஆறு வருடமாக இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. அதை நம்பி ஒரு துணிப்பையோடு வெளியே நடந்தவள் இவள் ஒருத்திதான். ஊரார் பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, கட்டினவன் பேரில் ஒரு கறைகூடப் படாமல் காப்பாற்றியிருக்கிறாள். தூக்கி வளர்த்த பெண்தான். ஆனாலும் அவளைப் பார்க்க இன்று அவனுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பேச்சில் கவனிக்காமல் விட்ட வாய்க்கால் கரை ஒரு முழம் அகலத்துக்கு உடைத்துக்கொண்டது. தண்ணீர் பாய்ந்து முடிந்த பாத்திக்குள்ளேயே மறுபடி ஓடியது. பொன்னாத்தாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உடைப்பில் இறங்கி, பாதத்தைக் குறுக்கே வைத்து அடைத்தாள். குப்பண்ணன் ஓடி ஓடி மண் வெட்டிவந்து அவள் காலைச் சுற்றிப் போட்டான்.

"வக்கீலு என்னைக்கு வரச் சொன்னாரு?" என்று குனிந்தபடியே கேட்டான்.

"வெள்ளிக்கெழமைங்க."

அவன் சரியென்று தலையசைத்தான். இன்னும் இரண்டு கை மண்ணை அள்ளி வைத்து, தட்டி, அழுத்தினான். அவள் காலை மெல்ல உருவி எடுத்தாள். குழியில் கொஞ்சம் கலங்கல் நீர் ஊறியது. கரை நின்றது.